பூச்சி தொடாத கீரை

என் தங்கச்சி ஸாலிஹாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. முதலாவது வயிற்றிலேயே கலைந்து போனது. இரண்டாவது, மாதம் நிறையாமல், மூச்சும் இல்லாமல் பிறந்தது. மூன்றாவது முறை அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று எங்கள் உம்மா சந்தோசப்படவில்லை. கட்டிலில் குந்தியிருந்து முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிள்ள பொறக்க முதலே மவுத்து வீடு மாதிரி அழுறீங்களே, எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைங்க" என்று ஏசினேன். மைமூனாவுக்கு வாய் நீளம் என்று கிண்ணியாவில் ஒரு பெயர் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். வாய் நீளமில்லாதவர்கள் எல்லாம் அந்த வருசத்தில் என்ன கிழித்தார்கள்?

இந்தப் பிள்ளை தங்கவேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஸாலிஹாவின் முகத்தை இன்னொரு முறை அப்படிப் பார்க்க என்னால் ஏலாது. அவளுடைய புருசன் ஜெமீல் தங்கமான மனிசன், ஒரு சொல் சொல்லமாட்டார். ஆனால் மூதூரில் இருக்கிற அவருடைய ஆட்கள் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இன்னொரு கலியாணம் என்ற கதை மிதவைப் பாதையில் ஏறி எங்கள் துறை வரைக்கும் வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. வாப்பா மவுத்தாகுமுன் வீட்டு வளவை இரண்டாக்கி, முன்பக்கத்தை எனக்கும் பின்பக்கத்தை ஸாலிஹாவுக்கும் தந்தார். மாப்பிள்ளைமார் வந்து சேர்கிறவர்கள். என்னவர் அலியார் தோணிக்காரர். ஜெமீல் வலைக்கு ஈயக் குண்டு வார்க்கிறவர். பழைய இரும்பு வியாபாரியிடம் லொறிப் பற்றறிகளை வாங்கிவந்து, சுத்தியலால் உடைத்து, உள்ளே இருக்கிற தகடுகளைப் பெரிய இரும்புத் தாச்சியில் போட்டுச் சிரட்டை நெருப்பில் உருக்குவார். உருகியதை மண் அச்சில் ஊற்றினால் குண்டு. கிண்ணியாவில் மட்டுமில்லை, சல்லியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும்கூட வந்து வாங்கிப்போவார்கள். கலியாணம் முடித்து வந்த வருசமே பின்வளவில் உலை போட்டுவிட்டார்.

அவர் கவனமில்லாத ஆள் என்று யாரும் சொல்லக்கூடாது. பற்றறிக்குள் இருக்கிற தண்ணி பட்ட இடத்தில் புல் கருகிப் போனதைக் கண்டதும், அதை ஒரு துளிகூட வளவுக்குள் ஊற்றவில்லை. தகரப் பேணியில் எடுத்துப்போய்த் தூரத்தில் ஊற்றிவிட்டு வருவார். என் பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்தால் விரட்டுவார். உடைத்த தகட்டைத் தொட்ட கையோடு வீட்டுக்குள் வரமாட்டார். பயப்படவேண்டியதற்கு எல்லாம் பயந்தார். சாம்பலுக்கு யார் பயந்தது?

அது எழுபத்து நாலாம் வருசம். தின்னப் பாண் வாங்க விடியக் காலையில் கியூ. தம்பலகாமத்தில் நெல் விளைந்து கிடக்கும், ஆனால் இரண்டு கொத்து அரிசியைச் சீலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாலும் சாவடியில் பிடித்துவிடுவார்கள், ஊர் விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை. நட்டுச் சாப்பிடுங்கள், நட்டுச் சாப்பிடுங்கள் என்று ரேடியோவில் ஒரே கதை. ஊர் முழுக்க மண்வெட்டி எடுத்தது. நான் முன்வளவில் மரவள்ளியும் முளைக்கீரையும் போட்டேன். ஸாலிஹா பின்வளவில் கிணற்றுக்கும் உலைக்கும் நடுவில் பாத்தி பிடித்து, பசளி, பொன்னாங்காணி, முளைக்கீரை என்று எல்லாம் போட்டாள்.

என் கீரையைப் பூச்சி தின்றது. ஒவ்வோர் இலையும் சல்லடை. அவளுடைய கீரையில் ஒரு பொட்டு ஓட்டை இல்லை. இலை ஒவ்வொன்றும் என் கையகலம். எனக்கு எரிச்சல் வந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

"என்னடி போடுறாய்?" என்று கேட்டேன்.

"என்னத்தப் போடுற, சாம்பல்தான்."

சாம்பல் எல்லோரும்தான் தூவுகிறோம். இலை மேலே தூவினால் பூச்சி அண்டாது; அடியில் போட்டால் செடிக்கு நல்லது. ஆனால் எனக்குக் குசினிச் சாம்பல் பானை தேய்க்கவும் மீன் கழுவவுமே போதாது. அவளுக்கு உலையடியில் ஒரு குவியலே கிடந்தது. ஈயத்துக்கு மேலே மிதக்கிற கசடையும் ஜெமீல் அதற்குள்ளேயே வழித்துப் போடுவார். அவள் கட்டிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் பழைய சீலைத் துண்டில் சலித்து, மாவு மாதிரி ஆக்கி, காலையும் மாலையும் தூவுவாள். கடைக்காரர் விற்கிற பூச்சி மருந்துகூட அப்படி வேலை செய்யாது.

எனக்கும் கொஞ்சம் அள்ளிக்கொள்ளச் சொன்னாள். நான் அள்ளவில்லை. அந்த வாரம்தான் உலைப் புகை நான் காயப்போட்ட உடுப்பிலெல்லாம் படிந்து ஜெமீலோடு எனக்குப் பெரிய வாய்ச்சண்டை. கோபத்தில் அவளுடைய சாம்பலும் வேண்டாம், கீரையும் வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவள் கீரை அனுப்பினால் திருப்பி அனுப்பினேன். என் பிள்ளைகள் ஓட்டைக் கீரையையே தின்றார்கள்.

மருத்துவமாது இரத்தினேஸ்வரி சைக்கிளில் வருவா. சல்லிக்காரி, நல்ல பொம்பிளை. ஸாலிஹாவின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இரத்தமே இல்லைப் பிள்ளை. குளிசையைப் போடுங்கோ, கீரை நல்லாச் சாப்பிடுங்கோ" என்றா. பின்வளவைப் பார்த்ததும் அவவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கையில வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையத் தேவையில்லை. இதையே ஆய்ஞ்சு சமையுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு பிடி வாங்கிக்கொண்டு போனா.

ஸாலிஹா சொன்னதைக் கேட்கிற ஆள். பகலும் இரவும் கீரை. கடைசல், சுண்டல், சொதி, கஞ்சிக்குள்ளும் கீரை. தின்னத் தின்ன வெளிறினாள். எனக்கு அது விளங்கவில்லை. பிறகு வயிற்றுக்குள் முறுக்கு. பிள்ளை நோவு இல்லை, குடலைப் பிடித்துப் பிழிகிற மாதிரி என்று சொன்னாள். நாள்கணக்கில் வெளிக்குப் போகாது. வாய்க்குள் செம்புக் காசை வைத்திருக்கிற மாதிரி ஒரு ருசியாம், எதைத் தின்றாலும் அதே ருசியாம். ஒரு நாள் என் கண் முன்னே தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அதையும் எடுக்க ஏலாமல் தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அது துவண்டு தொங்கியது.

கண்ணூறு என்றார்கள். யாருடைய கண் என்று நேரே சொல்லவில்லை, ஆனால் பக்கத்து வளவு அபூதாஹிரின் பெண்சாதி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். எனக்கு நாலு பிள்ளைகள், கடைசி மகன் மடியில் பால் குடிக்கிறான், தங்கச்சிக்கு ஒன்றுகூட இல்லை. கணக்குச் சரிதானே அவர்களுக்கு. "ஓம் புள்ள, நான்தான் கண் வெச்சன். அடுத்ததா ஒன்ட கோழிக் கூட்டுல வைக்கப்போறன்" என்று வேலிக்கு மேலால் சொல்லிவிட்டு வந்து குசினிக்குள் இருந்து அழுதேன். யாருக்குத் தெரியும், உண்மையிலேயே என் கண்ணாக இருந்துவிட்டால்? கீரையைப் பார்த்து எரிச்சல்பட்டவள்தானே நான்.

அவளைத் திருக்கோணமலைக்குக் கொண்டுபோனோம். துறையில் பாதைக்குக் காத்திருந்து, பஸ்ஸோடு சேர்த்து எங்களையும் ஏற்றிக்கொண்டு அந்த மிதவை அசைந்து அசைந்து மறுகரை போய்ச் சேர்வதற்குள் அவள் இரண்டு முறை வாந்தியெடுத்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் பாக்கியரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகக் கதைக்கிறவர். வயிற்றை அமத்தினார், கையைத் தூக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி ஈறை விலக்கிப் பார்த்தார். பல்லும் ஈறும் சேர்கிற இடத்தில் மை பூசிய மாதிரி ஒரு நீலக் கோடு. நான் அதுவரை அதைக் கண்டதில்லை.

"இவ வெத்திலை போடுறவவோ?"

"இல்ல டொக்டர்."

"அவர் என்ன தொழில்?"

"ஈயம் உருக்குறன் டொக்டர்" என்று ஜெமீல் சொன்னார்.

டொக்டர் ஜெமீலின் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்தார். அங்கும் அதே கோடு. ஜெமீலுக்கு வருசக்கணக்காக வயிற்று வலி உண்டு, வாய்வு என்று சொல்லி உள்ளியைச் சுட்டுத் தின்பார். ஈயம் உடம்புக்குள் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். புகையால் போயிருக்கும் என்றார். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் அது கூடாது, வீட்டுக்குப் பக்கத்தில் இனி உலை இருக்கக்கூடாது என்றார். உருக்குகிறவர் நடமாடுகிறார், பார்த்துக்கொண்டு நிற்கிறவள் படுத்துவிட்டாள், இது என்ன ஞாயம் என்று கேட்டேன். "ஆளுக்கு ஆள் வித்தியாசம் அம்மா" என்றார். அது எனக்கு ஒரு மறுமொழியாகப் படவில்லை.

அவளை வார்டில் வைத்துக்கொண்டார்கள். ஜெமீல் அன்றே திரும்பிப் போய் உலையை இடித்தார். கல்லைக் கல்லாகக் கழற்றிக் கொண்டுபோய்க் கடற்கரையில் போட்டார். தாச்சியையும் அச்சையும் வந்த விலைக்குக் கொடுத்தார். பிறகு கரைவலை இழுக்கக் கூலிக்குப் போனார். தொழிலை இப்படி ஒரே நாளில் விட்ட மனிசனை நான் கண்டதில்லை. அவரோடு சண்டை பிடித்த என் வாயை நானே அடக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸாலிஹா தேறினாள். முறுக்கு நின்றது, சோறு இறங்கியது, கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்தது. பிள்ளையும் துடிக்கிறது என்று சிரித்தாள். கூட்டிக்கொண்டு வந்தோம். வந்ததும் நேரே பின்வளவுக்குப் போனாள். அவள் இல்லாத நாளில் கீரை மதாளித்து நின்றது. உலை இருந்த இடத்தில் சாம்பல் குவியல் மட்டும் மிச்சம். "அத எடுக்காதீங்க, எனக்கு வேணும்" என்று ஜெமீலிடம் சொன்னாள். உலை போனாலும் சாம்பலாவது மிஞ்சியதே என்று எங்களுக்கெல்லாம் ஆறுதல்தான்.

சில வாரத்தில் திரும்பவும் முறுக்கு. திரும்பவும் அந்தச் செம்புக் காசு ருசி. ஜெமீல் என்னிடம் வந்து நின்றார். "உலையத்தானே எடுத்துட்டன் மதினி. இன்னம் என்னத்த எடுக்க?" என்று கேட்டார். என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? நான் ஏசினேன், வேறென்ன செய்வேன், போய் லெப்பையைக் கூட்டிவாருங்கள் என்று. லெப்பை வந்தார், ஓதினார், வீட்டு மூலையெல்லாம் ஓதித் தண்ணி தெளித்தார். குடிக்கவும் கொடுத்தார். நோய் அதற்கெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் ஆஸ்பத்திரி, இரண்டாம் முறையும் தேறினாள், இரண்டாம் முறையும் வீட்டுக்கு வந்து விழுந்தாள். வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. ஜின் என்றார்கள். அவளை வேறு வீட்டில் வைக்கச் சொன்னார்கள்.

நான் யோசித்தேன். யோசனை எனக்கு அவ்வளவாக வராத சாமான், வாய் முந்திக்கொண்டு போய்விடும். ஆனாலும் இருந்து யோசித்தேன். கிணறு ஒன்றுதான், நானும் அதையே குடிக்கிறேன். அரிசி ஒரே கூப்பன் அரிசி. மீன் ஒரே தோணி மீன். காற்று ஒன்று. ஜின் இருந்தால் அதற்குப் பத்தடி தள்ளி இருக்கிற என் பிள்ளைகளைக் கண் தெரியாதா? அவள் வீட்டில் தின்று ஆஸ்பத்திரியில் தின்னாதது என்ன? குசினியில் சட்டியில் பசளிக் கடைசல் ஆறிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்தேன். உடனே எனக்கே வெட்கமாகப் போனது. இரத்தம் ஊறத்தானே கீரை, மருத்துவமாது சொன்னதுதானே. உனக்குப் பொறாமை மைமூனா, கடைசியில் அந்தக் கீரையிலேயே பழியைப் போடுகிறாய் என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

ஆனால் அந்த எண்ணம் போகவில்லை. மறுநாள் அவள் கண் அயர்ந்த நேரம் பின்வளவுக்குப் போய், ஒரு கீரைச் செடியை வேரோடும் மண்ணோடும் பிடுங்கிப் பழைய சாரம் துண்டில் சுற்றி, இடுப்பில் மகனைத் தூக்கிக்கொண்டு பாதை ஏறினேன். டொக்டரின் மேசையில் அதை அவிழ்த்து வைத்தேன். மண் கொட்டியது. பக்கத்தில் நின்ற நேர்ஸ் முகத்தைச் சுளித்தா.

"இது என்ன அம்மா?"

"கீரை. இதத்தான் அவள் திங்கிறாள். இதுல ஏதாலும் இரிக்குமா?"

அவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வளர்ந்திருக்கு. என்ன பசளை போடுறனீங்கள்?"

"பசள ஒண்டும் இல்ல. சாம்பல்தான்."

"என்ன சாம்பல்?"

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது இந்தக் கேள்விக்கா? "சாம்பல் எண்டா சாம்பல்தான் டொக்டர். அடுப்புச் சாம்பல்."

"எந்த அடுப்பு?"

குசினி அடுப்பு என்று சொல்லப்போனவளுக்கு உலையடிக் குவியல் கண்ணுக்குள் வந்தது. மகன் என் முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

பிறகு நான்தான் உலைச் சாம்பல் என்று தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். அவள் கழுவித்தான் ஆக்குகிறாள் என்றேன். மூன்று தண்ணியில் கழுவுவாள், ஒரு பொட்டுச் சாம்பல் இராது என்றேன். "மேல இருக்கிறதைக் கழுவலாம் அம்மா. மண்ணில சேர்ந்து வேரால உள்ளுக்குப் போனதை எப்பிடிக் கழுவுறது?" என்றார். நஞ்சைக் குடித்தால் செடி சாகாதா, இது ஊரில் இல்லாத மாதிரித் தழைத்து நிற்கிறதே என்று கேட்டேன். எல்லா நஞ்சுக்கும் செடி சாகாது என்றார். பற்றறித் தண்ணி பட்ட புல் கருகியது, இது மட்டும் ஏன் கருகவில்லை? அதற்கும் அவர் ஏதோ சொன்னார், எனக்கு ஏறவில்லை. கடைசியில், "எனக்கும் இது உறுதியாத் தெரியாது. கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கவேணும். அதுவரைக்கும் அந்தத் தங்கச்சி இதைச் சாப்பிடவேண்டாம்" என்று செடியை நேர்ஸிடம் கொடுத்தார். தெரியாது என்று சொன்ன டொக்டரை அன்றுதான் முதல்முதலாகக் கண்டேன். எனக்குப் பயமாக இருந்தது.

பாதையில் திரும்பி வரும்போது, என் பிள்ளைகள் அந்தக் கீரையைத் தின்னவில்லை என்பது ஞாபகம் வந்தது. நான் நல்லவள் என்பதால் இல்லை, கோபக்காரி என்பதால். அதை நினைத்து நன்றி சொல்வதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஸாலிஹாவிடம் சொன்னேன். பக்குவமாகச் சொல்லத்தான் நினைத்தேன். என் பக்குவம் எப்படியென்று உங்களுக்கு விளங்கியிருக்கும். வயிறு முன்தள்ள, சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"கீர தின்னச் சொன்னாங்க, இப்ப டொக்டர் தின்னாத எண்டு சொல்றாரா?"

"மருத்துவமாது சொன்னது கீரைய. உலைச் சாம்பல் கீரைய இல்ல."

"தெரியும் எண்டாரா?"

"தெரியா எண்டார்."

"அப்ப நீதான் சொல்ற." அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. "ஒனக்கு எண்ட பாத்தில ஆரம்பத்திலிருந்தே கண், ராத்தா. ஒனக்கு நாலு புள்ள இரிக்கி. எனக்கு இந்தக் கீரையாலும் வளருது எண்டுதான் இரிந்தன். அதயும் புடுங்கப் பாக்கிறாய்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு கிழமைக்கு மறுமொழி சொல்லியிருப்பேன். ஜெமீல் வாசலில் நின்றார். "அது எரிஞ்சு முடிஞ்ச சாமான் மதினி. சாம்பலுக்குள்ள என்ன மிஞ்சப்போகுது" என்று என்னைத்தான் கேட்டார், ஆனால் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்தது. குவியலைத் திரும்பிப் பார்த்தார். கசடை வழித்து அதற்குள் போட்டது அவருடைய கைதானே.

நான் பின்வளவுக்குப் போய்ப் பிடுங்கத் தொடங்கினேன். பசளிக் கொடியை வேலியிலிருந்து இழுத்தேன், பொன்னாங்காணியைக் கொத்தோடு இழுத்தேன். ஸாலிஹா உள்ளே இருந்து கத்திக் குழறினாள். அபூதாஹிரின் பெண்சாதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும், அவளுக்கும் ஒரு வேலை வேண்டுமே. கொஞ்ச நேரத்தில் ஜெமீலும் வந்து என்னோடு குனிந்தார். அவர் நம்பினாரோ இல்லையோ தெரியாது.

பிடுங்கி முடித்துப் பெரிய குவியலாகப் போட்ட பிறகுதான், இதை என்ன செய்வது என்று முழித்தோம். ஆட்டுக்குப் போட ஏலாது, ஆட்டு இறைச்சியைத் தின்கிறோம். எரித்தால் திரும்பவும் சாம்பல். கடலில் போடலாம் என்றார் ஜெமீல். கடலில்தானே மீன் பிடிக்கிறீர்கள் என்றேன். புதைத்தால் அதே மண். பச்சைப் பசேலென்ற கீரை, அந்தப் பஞ்சத்தில் யாரும் கையேந்தி வாங்குகிற கீரை, எங்களுக்கு ஒரு பிணம் போல ஆகிவிட்டது. வேறு வழி தெரியாமல் வளவின் கடைசி மூலையில் ஆழமாகக் குழி வெட்டி, சாம்பல் குவியலையும் சேர்த்து மூடினோம். சரியாகச் செய்தோமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு ஸாலிஹா என்னோடு கதைக்கவில்லை. நான் சோறு கொண்டுபோய் வைப்பேன், தின்பாள், கோப்பையை வாசலில் வைப்பாள். முறுக்கு மெல்ல மெல்லக் குறைந்தது. கீரையை விட்டதால் குறைந்ததா, தானாகக் குறைந்ததா? நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நாள் நெருங்குமுன்பே நோவு பிடித்தது. ஒரு வாடகை வானில் ஏற்றி, பாதைக்கு வரிசையில் நின்ற லொறிக்காரனிடம் கெஞ்சி முந்தி ஏறி, உம்மா யாசீன் ஓதிக்கொண்டே வர, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டு முறையும் இதே பாதையில்தான் வெறுங்கையோடு திரும்பியிருந்தோம்.

ஆண் பிள்ளை. ஒரு கிளிக்குஞ்சு அளவு. ஆனால் அழுதான், யா அல்லாஹ், என்ன அழுகை. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஜெமீல் ஆஸ்பத்திரி விறாந்தையில் அப்படியே தரையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, உள்ளே போகவிட்டதும் பிள்ளையின் காதில் பாங்கு சொன்னார்.

முதல் நாட்களில் நேர்ஸ்மார் சீனித்தண்ணி புகட்டினார்கள். பிறகு ஸாலிஹாவுக்குப் பால் சுரந்தது. சட்டை நனைந்து போனது. பிள்ளை பசியில் வீரிட்டது. உம்மா பிள்ளையைத் தூக்கிப்போய் அவளுடைய மடியில் வைத்தார். அவள் சட்டை ஊசியைக் கழற்றப் போனவள் நிறுத்திவிட்டாள். இத்தனை நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துக் கதைத்தாள்.

"ராத்தா. எண்ட பால்ல அது இரிக்குமா?"

கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற வாய் எனக்கு. இல்லை என்று சொல்லவா? கீரையில் இல்லை என்றுதானே எல்லோரும் சொன்னோம். வார்டுக்கு வந்த டொக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொழும்பிலிருந்து கீரைக்கே இன்னும் மறுமொழி வரவில்லை என்றார். "இரத்தத்தில இருக்கிறது பாலுக்கும் கொஞ்சம் போகத்தான் செய்யும். எவ்வளவு எண்டு எனக்குச் சொல்லேலாது. தாய்ப்பால் இல்லாட்டிலும் இந்தப் பிள்ளை நிக்காது." பால்மா கேட்டேன். அந்தக் காலத்தில் பால்மா எங்கே, கூப்பனுக்கும் இல்லை, கறுப்புக் கடையிலும் இல்லை. "யோசிச்சுச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். எதை வைத்து யோசிக்கச் சொன்னாரோ.

"தாய்ட பால்ல என்னடி நஞ்சு, விசர்க் கத கதைக்காம குடு" என்று உம்மா அழுதார். பிள்ளையின் முகம் சிவந்து கறுத்துக்கொண்டு வந்தது. ஸாலிஹா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் தூக்கினாள். மணிக்கட்டுக்கு இன்னும் பலம் வரவில்லை, பிள்ளையோடு கை நடுங்கியது. என் மகன் என் மடியில் இருந்தான். அவனை இறக்கிவிட்டு ஓடிப்போய் வாங்கினேன்.

"நீ குடு" என்றாள்.

"ஸாலிஹா."

"நீ தின்னல்லத்தானே. நீ குடு."

நான் கட்டிலின் மறுபக்கத்தில் குந்தியிருந்து அவனை நெஞ்சில் வைத்தேன். தேடித் தேடிக் கடைசியில் பிடித்துக்கொண்டான். அவ்வளவு சின்ன வாய்க்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது, அதோடு தாங்கமுடியாத ஆத்திரமும் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஜெமீல் மேலா, அவர் என்ன செய்தார். மண் மேலா. என் தங்கச்சி அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்து தன் பாலைப் பீச்சிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோப்பையைப் பிடிக்க ஏலவில்லை, உம்மாதான் பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடிக்கிறானா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"குடிக்கிறான்."

"நல்லாக் குடிக்கிறானா?"

"ஓம்டி. நல்ல பசி அவனுக்கு."

உம்மா நிறைந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடினார்.